பிடிக்கப் பணம், மீட்க யார்?



போதை வியாபாரத்தை ஒடுக்கப் பொலிசுக்கு அரசாங்கம் நிதி வழங்குவதை நாம் எதிர்க்கவில்லை. மாத்தளைத் தோட்டத்து லயங்களிலும் அந்த நஞ்சு புகுந்துவிட்டது. ஆனால், அனுபவம் கூறுவதென்ன? இரண்டு கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என 1984இல் சட்டம் வகுத்தார்கள்; வியாபாரம் ஒழிந்ததா? 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது, ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், முதலாளிமார் அழிந்தனரா? கைதுக் கணக்கைக் கண்டு நிதி அளந்தால், அகப்படுபவன் சந்தியில் நிற்கும் ஏழையே! இரத்தோட்டை இளைஞன் விளக்கமறியல் புகுந்தால், தாயின் நாட்கூலி வழக்குச் செலவுக்குப் போதுமா? எனவே நாம் கேட்கிறோம்: பொலிசுக்கு ஒதுக்கும் நிதியோடு சிகிச்சைக்கும், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் உரிய பங்கை ஒதுக்குக! செலவுக் கணக்கை மக்கள் முன் வைத்திடுக! விலங்கு பூட்டும் கை, மருந்தும் ஊட்டட்டும்!