பழைய டர்போ வண்டியும் டீசல் கோளாறும்

(கோவளத்தில் கூடிய ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)

விடியுமுன் கோவளக் கரையில் இறங்கும் மீன், பனிக்கட்டி உருகுமுன் சந்தையை அடைதல் வேண்டும். திருப்போரூர் வட்டாரத்தில் பறிக்கும் காய்கறியும் வெயில் ஏறுமுன் விலையாக வேண்டும். இவற்றைச் சுமப்பவை பெரும்பாலும் பழைய டீசல் ஜீப்புகளும் வேன்களுமே. அவை நடுவழியில் நின்றால் ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பே வீணாகிறது. ஆதலின் இன்று அவற்றின் கோளாறுகளைப் பற்றிச் சிறிது பேச விழைகின்றோம்.

முதலில் நமக்கு நேர்ந்த நட்டத்தையே கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒரு பழைய டர்போ டீசல் ஜீப் இருந்தது. வண்டி நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாமல் ஏறியும் இறங்கியும் துடிக்கும். ஒரு நாள் மீன் கூடைகளுடன் சென்னை நோக்கிப் புறப்பட்ட அவ்வண்டி முட்டுக்காட்டுப் பாலத்தருகே திணறி நின்றுவிட்டது. மீன் பாதி விலைக்குப் போயிற்று. பழுது பார்த்தவர் டர்போ கெட்டது என்றார், மாற்றினோம். கோளாறு தீரவில்லை. பிறகு டீசல் பம்பைக் கழற்றிச் சீர்செய்தோம்; அப்பொழுதும் தீரவில்லை. இறுதியில் வந்த முதிய மெக்கானிக் ஒருவர், டாங்கிலிருந்து வரும் ரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்தார். அதில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று இருந்தது. ஒரு முழக் குழாயும் இரண்டு கிளிப்புகளும் மாற்றியவுடன் எஞ்சின் சீராக ஓடிற்று. பிழை வண்டியினிடத்தில் மட்டுமன்று. எதனை முதலில் சோதிப்பது என்ற வரிசையை அறியாத நம்மிடத்திலும் இருந்தது.

டர்போ என்பது யாது? சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கின்றது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகின்றது. வண்டி நின்றபடி மெல்ல ஓடுகையில் புகையின் வேகம் குறைவு. அப்பொழுது டர்போ ஏறக்குறைய ஓய்வில் இருக்கின்றது. எனவே நிற்கும்போது துடிக்கும் எஞ்சினுக்கு டர்போவைக் குற்றம் சாட்டுவது பெரும்பாலும் பொருந்தாது. முதலில் டீசல் வரும் வழியைப் பார்த்தல் வேண்டும்.

இதனை உழவர்கள் எளிதில் உணர்வார்கள். கிணற்றுப் பம்ப்செட்டில் உறிஞ்சு குழாயின் இணைப்புத் தளர்ந்தால் நீர் வெளியே சொட்டுவதில்லை. காற்று உள்ளே புகுந்து நீர் ஏறாமற் போகின்றது. டாங்கிற்கும் பம்பிற்கும் இடைப்பட்ட டீசல் குழாயின் இயல்பும் இதுவே. வெளியே ஈரம் காணாமையால் குழாய் நன்றாயிருக்கின்றது என்று நம்பிவிடலாகாது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று கிளிப்புகளையும் இரும்புக் குழாய்களையும் விரைவில் அரித்துவிடுகின்றது.

சோதிக்கும் முறை வருமாறு. முதலாவதாக, டாங்கின் மூடியைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். திறந்தவுடன் காற்றை உறிஞ்சும் ஓசை எழுந்து எஞ்சின் தேறினால், டாங்கின் காற்றுத்துளை அடைபட்டுள்ளது. இரண்டாவதாக, பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குவளையில் டீசலைப் பிடியுங்கள். நீர் கனமானதாகையால் அடியில் தங்கும். ஐயத்திற்கு இடமின்றித் தெரியும். மூன்றாவதாக, பில்டரை மாற்றி நெடுநாளாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றியபின் கைப்பம்பை அழுத்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றுதல் வேண்டும்.

நான்காவது சோதனையே தலையாயது. ஒரு தூய தகர டப்பாவில் நல்ல டீசலை ஊற்றி, எஞ்சினுக்குச் சற்று மேலே பாதுகாப்பாக வைத்து, டீசலை இழுக்கும் சிறு பம்பின் வாயில் புதிய குழாயால் இணையுங்கள். அருகில் நெருப்பு இருத்தலாகாது. எஞ்சின் இப்பொழுது சீராக ஓடினால் குற்றம் டாங்கிலோ அதிலிருந்து வரும் குழாயிலோ உள்ளது. விலையுயர்ந்த பம்பைத் தொட வேண்டுவதில்லை. நாம் இதை முதலில் செய்திருந்தால் இரு பெருஞ்செலவுகள் மிஞ்சியிருக்கும்.

ஐந்தாவதாக, டீசலை நிறுத்தும் மின்வால்வின் கம்பி முனையைப் பாருங்கள். அது பச்சை பூத்து அரித்திருந்தால் குலுக்கலில் மின்சாரம் தடைப்பட்டு எஞ்சின் திடீரென நிற்கும். முனையைத் தேய்த்து இறுக்கினால் போதும். இவ்வளவும் நன்றாயிருந்து துடிப்பு நீடித்தால் மட்டுமே நாசிலையும் பம்பையும் தேர்ந்தவரிடம் காட்டுங்கள். பம்பிலுள்ள திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டுவது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது.

நாசில் குழாயில் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தல் கூடவே கூடாது. அங்கே பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும் அழுத்தமுடையது. அவ்வாறு நேர்ந்தால் காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். காமன் ரெயில் முறையிலமைந்த பிற்கால வண்டிகளில் அழுத்தம் இன்னும் மிகுதி. ஓடும்போது அவற்றின் குழாய்களைத் தளர்த்தலாகாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டிச் சோதிப்பதும் உயிருக்கு ஆபத்தாகும்.

அவ்வாறாயின் டர்போவை எப்பொழுது ஐயுறுவது? நிற்கும்போது நன்றாக ஓடி, சுமையுடன் மேடேறும்போது வலுவிழந்து கரும்புகை கக்கினால், காற்று பில்டர் மணலால் அடைபட்டுள்ளதா, டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாய் பிளந்துள்ளதா என்று பாருங்கள். நீலப்புகை வந்து எஞ்சின் எண்ணெய் குறைந்தால் டர்போவின் தண்டு தேய்ந்திருக்கலாம். அத்தண்டு நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேலும் சுழல வல்லது. எண்ணெயின் மெல்லிய படலமே அதனைத் தாங்குகின்றது. ஆகவே நெடுந்தூரம் ஓடி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாது, ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துங்கள்.

வருமுன் காப்பதும் நம் கையிலுள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவில் டாங்கை நிறைத்து வையுங்கள். வெற்றிடம் குறைந்தால் உள்ளே பனித்து நீராவதும் குறையும். டிரம்மில் சேர்த்த டீசலை ஒரு நாளேனும் அசையாது வைத்து, அடியிலுள்ளதைத் தவிர்த்து எடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைச் சோதியாது ஸ்டார்ட் செய்யாதீர்கள். வடித்த அழுக்கு டீசலை மணலில் கொட்டினால் அது நம் கிணற்றிலோ முட்டுக்காட்டுக் கழியிலோதான் சேரும். தனிப் பாத்திரத்தில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் ஒப்படையுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பயிற்சி உண்டு. ஊருக்கு ஓரிரு இளைஞரையேனும் அதில் சேர ஊக்குவியுங்கள். ஒரு தகர டப்பா, இரண்டு முழக் குழாய், சில கிளிப்புகள், ஒரு பில்டர், ஸ்பானர்கள் ஆகியவற்றைப் பொதுவில் ஒரு பெட்டியில் வைத்திருங்கள். அப்பெட்டி இருந்திருந்தால், அன்று பாலத்தருகே நின்ற நம் வண்டி அரை மணியில் புறப்பட்டிருக்கும். மீனும் முழு விலைக்குப் போயிருக்கும்.