பனிக்கால உலாவும் உடையும்



சமவெளியில் வாழ்வோர்க்குக் குளிர்காலம் என்பது மார்கழி இரவில் மற்றொரு போர்வையைத் தேடும் காலம், அவ்வளவே. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலோ நிலைமை வேறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலின் அது சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தங்குகிறது. தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல்வெளி உப்பைக் கொட்டிப் பரப்பினாற்போல் வெளுத்துக் கிடப்பதை அக்காலத்து விடியற்பொழுதில் காணலாம்.

ஓய்வு பெற்றபின் இவ்வூரில் குடியேறிய என்னை அந்த வேளையில் வெளியே இழுத்துச் செல்வது எங்கள் வீட்டு நாய். குளிரைக் காரணங்காட்டி விடுப்புக் கேட்ட மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். எக்காரணங் கொண்டும் விடுப்புத் தராத தலைமையாசிரியரை இப்பொழுதுதான் காண்கிறேன்.

கம்பளி வெப்பம் தருகிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். மேசை மீது கிடக்கும் கம்பளிச் சட்டைக்குள் ஒரு வெப்பமானியைச் செருகிப் பாருங்கள்; அறையின் வெப்பநிலையையே அது காட்டும். வெப்பத்தை உண்டாக்குவது நாம் உண்ட உணவு. அதைக் காப்பதே உடையின் வேலை. எப்படிக் காக்கிறது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ரம்போர்டு பிரபு ஆராய்ந்தார். வெப்பமானியைச் சுற்றிப் பட்டு, கம்பளி, பஞ்சு, முயல் ரோமம் ஆகியவற்றை மாற்றி மாற்றி நிரப்பி, அது குளிர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். இழைகளினிடையே சிக்கி அசையாது நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது என்ற முடிவுக்கு வந்தார். வெப்பத்தைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிகளுக்காக 1792இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது.

அசையாத காற்றுக்கு விலை இல்லை. எனவே விலையுயர்ந்த ஒரே மேலங்கியைக் காட்டிலும், சற்றுத் தளர்வான பழைய சட்டைகள் இரண்டும் அவற்றின்மேல் ஒரு ஸ்வெட்டரும் பெரும்பாலும் நன்றாகப் பயன்படும். ஒவ்வோர் அடுக்கின் நடுவிலும் சிறிது காற்று சிறைப்பட்டிருக்கும். அதன்மேல் காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டை ஒன்று இருக்குமாயின் போதும். இல்லையேல் வீசும் காற்று உள்ளே நுழைந்து சிறைப்பட்ட காற்றைக் கலைத்துவிடும். நீலகிரியின் தோடர்கள் தொன்றுதொட்டுப் போர்த்திவரும் புத்துக்குளி தடித்த பருத்தித் துணியால் ஆனது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

அப்படியாயின் பருத்தியைக் குறை சொல்வானேன் என்று கேட்பீர்கள். உலர்ந்த பருத்தியில் குறையில்லை. நனைந்த பருத்தியே பகை. நீர், அசையாத காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். போதாக்குறைக்கு, ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு உடலிலிருந்து 580 கலோரி அளவு வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கம்பளியோ தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தோலில் ஒட்டாது நிற்கும்.

நாயுடன் நடப்போர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். தனியே நடப்பவர் ஒரே சீராக நடந்து வீடு திரும்புவார். நாயோ நம்மை மேட்டில் ஓடவைக்கும், வியர்க்க வைக்கும், பின்னர் ஒரு வேலிக்காலின் அடியில் ஏதோ மணத்தைக் கண்டு ஐந்து நிமிடம் அசையாது ஆராயும். குளிர் நம்மைப் பிடிப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான். ஆகவே மேடேறும்போது ஸ்வெட்டரின் பொத்தான்களைத் திறந்துவிட்டு, நிற்கும்போது மூடிக்கொள்க. மற்றொன்று, நாயைப் பிடித்த கையைச் சட்டைப்பைக்குள் விட இயலாது. இரும்புச் சங்கிலி வேறு, விரல்களின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோல் வாரும் கம்பளிக் கையுறையும் இந்த இடரைத் தீர்க்கும். காலுறையை இரண்டாகப் போட்டு இறுக்கமான காலணிக்குள் திணிப்போர் உளர். இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் முன்னிலும் குளிரும். குரங்குக் குல்லாயை நண்பர்கள் நகைக்கிறார்கள் என்று கழற்றி வைக்க வேண்டா. உடல் வெப்பத்தில் பாதி தலைவழியே போகிறது என்ற கூற்று பிழை என்று 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எடுத்துக்காட்டினார்கள். ஆயினும் காதும் கன்னமும் குளிரை முதலில் உணரும் இடங்கள் அல்லவா?

சென்ற ஆண்டு ஜனவரியில், எங்கள் தெருவழியே பங்களா ஒன்றின் பொமரேனியன் நாயை நாள்தோறும் அழைத்துச் செல்லும் சிறுவனைக் கண்டேன். நாய்க்குச் சிவப்புக் கம்பளிச் சட்டை; சிறுவனுக்குப் பள்ளிச் சீருடையின் அரைக்கைச் சட்டை. கையை அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். "தம்பி, ஸ்வெட்டர் எங்கே?" என்றேன். "பள்ளிக்கூடத்துக்குப் போடணும் ஐயா, அழுக்காயிடும்" என்றான். சற்றுப் பொறுத்து, "இதுக்குத்தான் உடம்பெல்லாம் முடி இருக்கே, பிறகு எதுக்கு ஐயா சட்டை?" என்று கேட்டான்.

என் ஆசிரிய வாழ்வில் இத்தனை நேரிய வினாவை அதிகம் கேட்டதில்லை. பொமரேனியனுக்கு நீண்ட மேல்முடியும் அதன் அடியில் அடர்ந்த மென்முடியும் உண்டு. ரம்போர்டு கண்ட காற்றுச்சிறை அதன் உடம்பிலேயே அமைந்திருக்கிறது. சட்டை அந்த முடியை அழுத்திக் காற்றை வெளியேற்றவும் கூடும். எங்கள் நாயோ இராஜபாளையத்து இனம். வெப்ப நாட்டுக்கென்றே அமைந்த குறுமுடி உடையது. அதற்கு முதுகையும் மார்பையும் மூடும் கம்பளித் துணி தேவை. குட்டிக்கும் கிழநாய்க்கும் அவ்வாறே. நாயின் பாதம் மட்டும் வியப்பானது: உள்ளே செல்லும் சூடான இரத்தம், திரும்பிவரும் குளிர்ந்த இரத்தத்திற்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடும்படி அங்கே குழாய்கள் பின்னியிருக்கின்றன.

அச்சிறுவனுக்கு என் பழைய ஸ்வெட்டர் ஒன்றை, கை நீளத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தாள் என் மனைவி. உலாவுக்கு மட்டும் அதை அணிகிறான். பங்களாக்காரரிடமும் பேசினேன், விடியுமுன் அனுப்புவதை அவர் நிறுத்திவிட்டார்.

விடியுமுன் செல்வது வேறு வகையிலும் தகாது. இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை சூரியன் உதிக்கும் நேரத்தையொட்டியே வரும். அரைமணி தாமதித்தாலே பெரிய மாறுதல் தெரியும். மேலும், நீலகிரியில் காட்டெருமை தெருவில் நிற்பதும் சிறுத்தை நாயைக் கவர்ந்து செல்வதும் கதையல்ல. மங்கிய ஒளியில் கறுப்புப் போர்வையைவிட வெளிர்நிற மேற்சட்டை நலம். வாகன ஓட்டிகளின் கண்ணுக்கும் படும்.

வீடு திரும்பியதும் ஈரக் காலுறையை முதலில் கழற்றுங்கள். நாயின் விரலிடுக்குகளிலுள்ள பனிநீரைத் துடையுங்கள். உடலைச் சூடேற்றவென்று கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கி உயிரிழந்தோர் மலையூர்களில் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்பைத் திறந்த முற்றத்தில் வைத்து, அதனருகே நின்று ஒரு குவளை சுக்குக் காப்பி அருந்துங்கள். நாய்க்கு வெதுவெதுப்பான நீர் போதும்.