முகமூடிக்காரனும் நீலியும்: கொல்றது மனுஷனா, பேயா?

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். "ஹாலோவீன் படத்துல முகமூடி போட்டுக்கிட்டு வர்ற மைக்கேல் மையர்ஸ் மனுஷனா, பேயா? ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னு. ஒரே வார்த்தையில சொல்ல முடியல. அதனாலதான் இந்த எபிசோட்.

படம் பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடுறேன். 1978-ல வந்த படம். ஜான் கார்பென்டர் இயக்கினது, செலவு சுமார் 3 லட்சம் டாலர்தான். 1963-ல ஆறு வயசுப் பையன் ஒருத்தன் தன்னோட அக்காவைக் குத்திக் கொல்றான். பதினஞ்சு வருஷம் மனநல மருத்துவமனையில அடைச்சு வைக்கிறாங்க. அங்கிருந்து தப்பிச்சு, சொந்த ஊருக்கே வந்து கொலைகளை ஆரம்பிக்கிறான். அவன் போட்டிருக்கிற முகமூடி, ஸ்டார் ட்ரெக் நடிகர் வில்லியம் ஷாட்னரோட முகத்தை வச்சுச் செஞ்சு கடையில வித்தது. அதை வாங்கி வெள்ளைப் பெயின்ட் அடிச்சு, கண் ஓட்டையைப் பெருசாக்கிட்டாங்க. அவ்வளவுதான். அந்த முகத்துல கோபம், சிரிப்பு எதுவுமே கிடையாது. கடைசியில பேர் போடும்போதுகூட முகமூடியோட நடிச்சவருக்கு நேரா மைக்கேல்னு போடல, 'உருவம்'னுதான் போட்டிருக்கும்.

படம் ரெண்டு பக்கமும் சாட்சி வைக்குது. ஒரு இடத்துல அந்தப் பொண்ணு லாரி முகமூடியைப் பிடிச்சு இழுத்துடுறா. உள்ள சாதாரணமான ஒரு இளைஞன் முகம். அவன் கொலையை நிறுத்திட்டு முகமூடியைச் சரியா மாட்டிக்கிறான். அந்த நேரத்துல டாக்டர் லூமிஸ் ஆறு குண்டு சுடுறார். மாடியிலிருந்து விழுறான். "பூச்சாண்டியா அது?"ன்னு அந்தப் பொண்ணு கேக்குறா. டாக்டர் ஆமாங்கிறார். அப்புறம் எட்டிப் பார்த்தா உடம்பு இல்லை.

இந்தக் கேள்வியோட நான் எங்க ஊருக்கு வர்றேன். எங்க ஊர்னா நாஞ்சில் நாடு. நாகர்கோவில்லேருந்து திருநெல்வேலி ரோட்டுல ஆரல்வாய்மொழி தாண்டினா முப்பந்தல். சுத்தி காத்தாடி. ரோட்டோரமே இசக்கியம்மன் கோயில். அந்த இசக்கிதான் நீலின்னு எங்க பக்கத்துல கதை. நாம தினமும் சொல்ற 'நீலிக்கண்ணீர்' இவளோட கண்ணீர்தான்.

சின்ன வயசுல கொடைக்கு வில்லடிப்பாங்க. ராத்திரி பூரா நடக்கும். வில்லு, குடம், உடுக்கை, நடுவுல வீசுகோலோட புலவர். நான் ஆச்சி மடியில படுத்துக்கிட்டு நீலி கதை கேட்டிருக்கேன். பல வடிவம் உண்டு. நான் கேட்டதைச் சொல்றேன்.

ஒரு வேதியன். தாசி ஒருத்தி மேல ஆசைப்பட்டு இருந்த சொத்தையெல்லாம் அழிச்சுட்டான். கையில காசில்லாம ஊரைவிட்டுப் போறவனை அவ தேடிக்கிட்டு வர்றா. காட்டுவழியில அவன் மடியிலேயே தலைவச்சுத் தூங்குறா. நகைக்கு ஆசைப்பட்டுக் கல்லைத் தூக்கித் தலையில போட்டுடுறான். சாகும்போது பக்கத்துல நின்ன கள்ளிச்செடியைச் சாட்சிக்கு வச்சுட்டுச் சாகுறா.

அடுத்த பிறவியில அவ நீலி, அவன் வியாபாரி. அவன் காட்டுவழியா வரும்போது, கள்ளிக் கொப்பை ஒடிச்சுக் குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு இவ பின்னாலேயே வர்றா. அவன் பயந்து ஊருக்குள்ள ஓடி, "இது பொம்பளை இல்லை, பேய்"னு அலறுறான். ஊர்ச்சபை கூடுது. எழுபது வேளாளர். இவ அழுறா. "பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ஓடுறாரு, அந்தக் கத்தியால என்னைக் கொன்னுடுவாரு"ங்கிறா. சபை பார்க்குது. கண்ணு நிறையத் தண்ணி, இடுப்புல பிள்ளை. அவனைக் காப்பாத்தி வச்சிருந்த மந்திரக் கத்தியை வாங்கிக்கிட்டு, "உனக்கு ஒண்ணு ஆனா எங்க உசிரு பிணை"ன்னு சொல்லி ரெண்டு பேரையும் ஒரே வீட்டுக்குள்ள அனுப்புறாங்க. விடியும்போது அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில இறங்குறாங்க.

இது நம்ம மாவட்டத்துக் கதை மட்டும் இல்லை. வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர்லயும் இதே கதை. சம்பந்தரோட திருவாலங்காட்டுப் பதிகத்துலயே குறிப்பு இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு மேல நாம சொல்லிக்கிட்டு வர்ற கதை.

முகமூடிக்கு வருவோம். மைக்கேலோட முகமூடியில ஒரு உணர்ச்சியும் இல்லை. நீலியோட முகமூடி அழுற பெண்டாட்டி முகம். அமெரிக்க முகமூடியைப் பார்த்தா ஓடத் தோணும். நீலியைப் பார்த்தா இரக்கம் வரும். அப்போ நம்ம கதைதான் கூடப் பயங்கரம்னு நினைச்சேன்.

ஆனா அன்னைக்கு ராத்திரி, வியாபாரி அலறும்போது நான் அழுதுட்டேன். "ஆச்சி, அவ பேயில்லா? அவன் சொல்லது நெசந்தானே?"ன்னு கேட்டேன். ஆச்சி தலையைத் தடவிட்டு, "நெசந்தான் மக்ளே. ஆனா அவளப் பேயாக்குனது யாருன்னு அவன் சொல்லலியே"ன்னா.

பேய் பேய்னு அலறுறவன் பொய் சொல்லலை. ஆனா பாதிதான் சொல்றான். முதல் கொலை அவனோடது. சபை "இவ மனுஷியா, பேயா"ன்னுதான் கேட்டுது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடந்தது"ன்னு கேக்கல. அதனாலதான் எழுபது உசிரு போச்சு. அப்படித்தான் எனக்குப் படுது.

இப்போ லூமிஸைப் பாருங்க. மைக்கேல் மனுஷனே இல்லைன்னு படம் முழுக்கச் சொல்றவர் அவர். அவன் அவரோட நோயாளி. எட்டு வருஷம் அவன் மனசைத் தொடப் பார்த்தேன், அடுத்த ஏழு வருஷம் அவன் வெளியே வராமப் பார்த்துக்கிட்டேன்னு அவரே சொல்றார். அதாவது பையனுக்குப் பதினாலு வயசாகும்போதே டாக்டர் கைவிட்டுட்டார். கார்பென்டர் அதைக் குத்தமா காட்டலை. அவர் படத்துக்குக் காரணமே இல்லாத தீமை வேணும். அதனாலதான் அது பயமுறுத்துது. பின்னால வந்தவங்க காரணம் தேடினாங்க. 1995-ல வந்த ஆறாவது படம் ஒரு சாபம்னுச்சு. 2007-ல ராப் ஸோம்பி கொடுமையான வீடுன்னார். 2018-ல அதையெல்லாம் தூக்கிப்போட்டுட்டுப் பழைய உருவத்துக்கே திரும்பிட்டாங்க. சினிமாவுக்கு அதுதான் சரின்னு நானும் சொல்வேன்.

வாழ்க்கைக்குச் சரியான்னா, இல்லை. எங்க தெருவுல ஒரு அக்கா கல்யாணமாகி ஆறு மாசத்துல திரும்பி வந்தா. ராத்திரியில அலறுவா, யாரு பக்கத்துல போனாலும் கையை ஓங்குவா. பேய் பிடிச்சிருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்லி அனுப்பினாங்க. தெரு மொத்தமும் நம்பிச்சு. நானும் நம்பினேன், அவ வீட்டு வாசலைத் தாண்டும்போது ஓடுவேன். ஆச்சி மட்டும் ஒருநாள் உள்ள போய் அவளுக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டா. திரும்பி வந்தவ சாப்பிடல. "முதுகெல்லாம் சூடு வச்ச தழும்பு"ன்னு மட்டும் சொன்னா.

வில்லுப்பாட்டுல நீலியைக் கொன்னு முடிக்கிறது இல்லை. அவளுக்கு நடந்ததை விடிய விடியப் பாடி, கடைசியில அம்மனா உட்கார வைக்கிறாங்க. ஆளைக் கொன்னவ கோயில்ல இன்னைக்குப் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுறாங்க. அவ செஞ்ச கொலையை யாரும் மறைக்கல. அவளுக்குச் செஞ்ச கொலையையும் மறைக்கல.

அதனால கேள்வி அனுப்பின நண்பருக்கு என் பதில்: மைக்கேல் மனுஷன்தான், படம் அவனைப் பேயாப் பார்க்கச் சொல்லுது. ஒன்றரை மணி நேரம் அப்படிப் பார்த்துப் பயந்துக்கலாம், தப்பில்லை. தியேட்டருக்கு வெளியே யாராவது ஒருத்தரைக் காட்டி "அது மனுஷ ஜென்மமே இல்லை"ன்னு சொன்னா, காட்டுற விரல் யாரோடதுன்னு ஒரு தடவை பாருங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.