பின்பாட்டு எங்களுடையது



கூடிப் பாடும் பாட்டுகளைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டிருக்கிறார்கள். முறையாகச் சங்கீதம் பயின்றவர்கள் நிறைந்த இந்தச் சபையில் பஸ் பாட்டைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். பரிசளிப்பு விழாவில் யார் என்ன பாடினார்கள் என்று எங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? சுற்றுலா பஸ்ஸில் பாடியதை யாராவது மறந்திருக்கிறோமா?

1970களில் இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்கள் வீடு வீடாகப் புகுந்தன. உரும்பிராய் தந்த நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகிய பெயர்களைச் சொன்னாலே உங்களில் பலருடைய கை தானாகத் தாளம் போடும். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இந்தத் தீவில் ஊறிய பைலாவின் துள்ளல் அந்தப் பாட்டுகளில் இருந்தது. சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட வைத்தது.

அதே காலத்தை ஒட்டி அமெரிக்காவில் கறுப்பின மக்களின் 'சோல்' இசை உலகெங்கும் பரவியது. அதன் வேர் அவர்களுடைய தேவாலயங்களில் இருந்தது. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், சபை முழுவதும் பதில் பாடும். எங்களுக்கு இது புதிதல்ல. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும், கூத்தில் அண்ணாவியாருக்குப் பின் எழும் பிற்பாட்டும் அப்படித்தான். பாடுபவர் கேட்பவருக்கென்று ஓர் இடம் விட்டுவைக்கிற பாட்டுத்தான் நிலைத்து நிற்கிறது.

அரிதா ஃபிராங்ளினின் 'றெஸ்பெக்ற்' இதற்கு நல்ல உதாரணம். ஓட்டிஸ் ரெடிங் 1965இல் பாடியபோது, வேலை முடிந்து வீடு வரும் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு அது. 1967இல் அரிதா அதைப் பாடினார். அவருடைய சகோதரிகள் எர்மாவும் கரோலினும் பின்பாட்டுப் பாடினார்கள். மரியாதை கேட்டவள் இப்போது பெண். பாட்டின் பொருளே தலைகீழானது.

இனி எங்கள் 'சின்ன மாமியே' பாட்டுக்கு வருகிறேன். மருமகன் மாமியிடம் மகள் எங்கே என்று கேட்கிறான். மாமி பதில் சொல்கிறாள். படிக்கப் போன அந்த மகள் மட்டும் முழுப் பாட்டிலும் வாய் திறப்பதில்லை. அந்த மகள் யார்? பள்ளிச் சீருடையோடு பஸ்ஸில் இருந்த நாங்கள்தான்! ஒரு பக்க ஆசனத்தார் மருமகனாகவும் மறு பக்கத்தார் மாமியாகவும் பிரிந்து, எங்களைப் பற்றிய விசாரணையை நாங்களே நடத்தினோம். ஊர் வாய்க்குப் பயந்து வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு சின்ன விடுதலை அல்ல.

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட தலைமுறை இந்தச் சபையில் இருக்கிறது. சுற்றிய கை ஓய்ந்தால் பாட்டும் நின்றுவிடும். மிச்சத்தை வாயால் பாடி முடித்தார்கள். 1995 இடப்பெயர்வில் கசெற்றுகளை விட்டுவிட்டுப் போனவர்கள்கூடப் பாட்டுகளை விட்டுவிட்டுப் போகவில்லை.

இன்று எங்கள் ஒன்றுகூடல்களில் காசு கொடுத்து இசைக்குழுவை அழைக்கிறோம். ஒலிபெருக்கி முழங்குகிறது, பக்கத்தில் இருப்பவளின் குரல் கேட்பதில்லை. நாங்கள் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். மருமகன் பக்கம் ரொறன்ரோவிலும் மாமி பக்கம் சிட்னியிலும் இருக்கும் காலத்தில், வருடத்தில் ஒரு நாள் கூடும்போதாவது நாங்களே பாட வேண்டாமா?

கிளைச் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒன்றுகூடலில் அரை மணித்தியாலம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். மூத்த மாணவி ஒருவர் அடி எடுத்துக் கொடுக்கட்டும். பேத்திகளையும் நடுவில் இருத்துங்கள். சரணம் மறந்தால் பாதகமில்லை, கைதட்டு மறக்காது. அந்த மகளுக்கு ஒரு சரணம் இன்னும் எழுதப்படவில்லை. அதைப் பேத்திகள் எழுதிப் பாடட்டும். நாங்கள் பின்பாட்டுப் பாடுவோம்.