கொத்தனாரின் கை



இயேசு நலமாக்கிய கை சூம்பியவர் ஒரு கொத்தனார் என்றும், பிச்சையெடுக்கும் வெட்கம் நீங்கக் கையைக் குணமாக்கும்படி மன்றாடினார் என்றும் ஒரு பழைய மரபைப் புனித எரோணிமுஸ் குறிப்பிடுகிறார். அவர் கேட்டது இரக்கப் பிச்சையல்ல, பிழைப்பு.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்கியிருந்த சில தொழிலாளரைக் கை, காலைத் துண்டித்தே மீட்க முடிந்தது. அதே சவாரிலுள்ள சி.ஆர்.பி. மறுவாழ்வு மையம் பலருக்குச் செயற்கை உறுப்பு பொருத்தி, தொழிலும் கற்பித்தது.

செயற்கைக் கால் தேயும். மீண்டும் மாற்ற வேண்டும். ஒருநாள் நன்கொடையோடு நம் கடமை முடிவதில்லை. நம் பங்கில் அப்படி ஒருவர் இருந்தால், "இனி என்ன வேலை செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்போம், துணை நிற்போம். ஆமென்.