பெருந்தாளும் சிறுதாளும்

இலண்டன் மாநகரில் ஒவ்வொரு காலையும் பல பத்திரிகைகள் வெளிவருகின்றன. நிகழ்ச்சி ஒன்றே, அதனைச் சொல்லும் மொழியோ வேறு வேறு. விரித்தால் மேசையையே மறைக்கும் பெருந்தாள்களில் வந்தவை ஒரு வகை. அதில் ஏறக்குறையப் பாதியளவான சிறுதாள்களில் வந்தவை மற்றொரு வகை. சிறுதாளை ஆங்கிலேயர் 'டாப்லொயிட்' என்பர். இச்சொல் அச்சுக்கூடத்திற் பிறந்ததன்று. மருந்துக் கடையிற் பிறந்தது. 1884ஆம் ஆண்டில் பரோஸ் வெல்கம் என்னும் மருந்துக் கம்பெனியார், தாம் அழுத்திச் செய்த குளிகைகளுக்கு இப்பெயரைப் பதிவு செய்தனர். மருந்தைச் சுருக்கிக் குளிகையாக்குவது போலச் செய்தியையும் சுருக்கித் தரலாம் என்ற எண்ணத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பெயர் பத்திரிகைக்கு வந்து சேர்ந்தது.

தாள் சிறிது, தலைப்பின் எழுத்தோ பெரிது. ஆகவே நீண்ட சொல்லுக்கு அங்கே இடமில்லை. பதவி நீக்கம் என்பது 'கோடரி' ஆயிற்று. கருத்து வேறுபாடு 'சண்டை' ஆயிற்று. சொல் குறுகியபோது பொருள் சூடேறிற்று. ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். பஸ் கட்டணம் உயர்கிறது. பெருந்தாள் எழுதும்: "பஸ் கட்டணத்தை உயர்த்தும் உத்தேசம் அரசாங்கத்துக்கு உண்டென்று போக்குவரத்து மந்திரி நேற்றுப் பாராளுமன்றத்தில் தெரிவித்தார்." சிறுதாள் எழுதும்: "ஏழையின் பையில் மந்திரியின் கை!"

முதலாவது வாக்கியத்தில் சொன்னவர் யார், சொன்ன இடம் எது, சொன்ன நாள் எது என்பன யாவும் உள்ளன. ஆனால் அதைக் கேட்டவனுக்குக் கொட்டாவி வரும். இரண்டாவதில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. ஆனால் கேட்டவன் நிமிர்ந்து உட்காருவான். பெருந்தாள் மனிதரைப் பட்டமும் பதவியும் சேர்த்து அழைக்கும். சிறுதாள் பிரதம மந்திரி மார்கரட் தாச்சரையும் 'மாகி' என்று வீட்டுப் பெயரால் அழைத்தது. பெருந்தாளின் பத்தி நீண்டு செல்லும். சிறுதாளில் ஒரு வாக்கியமே ஒரு பத்தியாகும்.

இவ்வெளிமையை இகழ்வது தகாது. நாள் முழுதும் உழைத்தவனும் படிக்கக்கூடிய மொழி அது. தமிழிலும் இவ்வுண்மையை உணர்ந்தவர் உண்டு. 1942ஆம் ஆண்டில் மதுரையிற் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், மக்கள் பேசும் எளிய சொற்களிலும் குறுகிய வாக்கியங்களிலும் செய்தியை எழுதச் செய்தார். அதனால், அதுவரை பத்திரிகையைத் தொடாத கைகள் பத்திரிகையைத் தொட்டன.

ஆயின் எளிமை வேறு. துணிந்து கூறுதல் வேறு. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி, ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்க்கச் சென்ற லிவர்பூல் இரசிகர்கள் நெரிசலில் நசுங்கினர். அந்நெரிசலால் மாண்டோர் தொகை 97. நான்கு நாட்களின் பின் 'சன்' என்னும் சிறுதாள், இரசிகர்கள் இறந்தோரிடம் திருடினர் என்றும் பொலிஸாரைத் தாக்கினர் என்றும் எழுதிற்று. அவை பொலிஸார் சிலரின் வாயிலாக வந்த குற்றச்சாட்டுகள். வேறு பத்திரிகைகளும் அவற்றை வெளியிட்டன. ஆனால் 'சன்' இட்ட பெருந்தலைப்பு, "உண்மை" என்பதே. 'என்றனர்', 'எனப்படுகிறது' என்ற சிறு சொற்கள் அங்கே நின்றிருந்தால், கேள்வி ஒன்று எழ இடமிருந்திருக்கும். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தந்தையர் அத்தலைப்பைச் சுமந்து 23 ஆண்டுகள் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டில் சுயாதீன ஆய்வுக் குழு அக்குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்று காட்டிற்று. அதன்பின் அதே பத்திரிகை, "மெய்யான உண்மை" என்று தலைப்பிட்டு மன்னிப்புக் கேட்டது. அதன் பின்னரும் லிவர்பூல் நகரிற் பலர் அதனை வாங்க மறுத்தே வந்தனர்.

அங்ஙனமாயின் பெருந்தாளின் கம்பீர நடை உண்மைக்குக் காவலாகுமோ? அதுவும் இல்லை. 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி இலண்டன் 'டைம்ஸ்', அயர்லாந்துத் தலைவர் பார்னல் கொலையை ஆதரித்து எழுதியதாக ஒரு கடிதத்தை வெளியிட்டது. அப்பத்திரிகையின் நிதானமான மொழியே பலரை அதை நம்பச் செய்தது. 1889ஆம் ஆண்டில் விசாரணை நடந்தபோது, ரிச்சர்ட் பிகட் என்பவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். வழக்கறிஞர் சில சொற்களை எழுதும்படி கேட்டார். 'தயக்கம்' எனப் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிகட் பிழையாக எழுதினார். போலிக் கடிதங்களுள் ஒன்றிலும் அதே பிழை இருந்தது. ஓரெழுத்துப் பிழை பெரும் பொய்யைக் காட்டிக் கொடுத்தது. சிறுதாள் உரத்த குரலால் நம்பவைக்கிறது. பெருந்தாள் தாழ்ந்த குரலால் நம்பவைக்கிறது.

இந்நாளில் தாளின் அளவு அடையாளமாகாது. 'டைம்ஸ்' 2004ஆம் ஆண்டிலும், 'கார்டியன்' 2018ஆம் ஆண்டிலும் சிறுதாளாயின. அவற்றின் மொழியோ பெரும்பாலும் பழைய மொழியே. ஆகவே பத்திரிகையை அளக்க விரும்பும் வாசகன் அளவுகோலை எடுக்க வேண்டியதில்லை. "இதைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்?" என்ற இரு கேள்விகள் போதும். அவற்றுக்கு விடை தரும் வாக்கியம் குறுகியதாயினும் நீண்டதாயினும் நல்ல வாக்கியமே. விடை தராத வாக்கியம் எந்தத் தாளில் வந்தாலும், அதை நம்புமுன் வாசகன் சற்றுத் தயங்குதல் நன்று.