ஊடகமும் அரசியலும்: ஓர் ஆசிரியர் மீண்டும் மாணவியானபோது

(மாவட்ட அளவிலான சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்கு முந்தைய அமர்வை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பசி நேரத்தில் நீளமாகப் பேசினால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் 'ஊடகமும் ஜனநாயகமும்' என்றொரு பாடம் இருக்கிறது. அதை நான் எப்படி நடத்திக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஊடகம் என்றால் என்ன, அதன் வகைகள் யாவை, ஜனநாயகத்தின் நான்காவது தூண் எது என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். புத்தக வினாக்களுக்கு விடை குறித்துக் கொடுப்பேன். இரண்டு பாடவேளையில் முடிந்துவிடும். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, "டீச்சர், தூண்னா எதையோ தாங்கணும்ல, இது எதைத் தாங்குது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். உண்மையில் எனக்கு விடை தெரியவில்லை.

அந்தக் கேள்வியும் ஒரு காரணம், 42 வயதில் இதழியலும் தொடர்பியலும் முதுகலையில் சேர்ந்தேன். தொலைநிலைக் கல்விதான். ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. துறை அனுமதிக்கு விண்ணப்பித்தபோது, ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு ஊக்க ஊதியம் கிடைக்குமா டீச்சர்?" கிடைக்காது என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்றார்கள். அந்தக் கேள்விக்கான விடைதான் இந்த உரை.

'ஊடகமும் அரசியலும்' தாளின் முதல் வகுப்பில் பேராசிரியர் எங்களிடம் ஒரு வேலை கொடுத்தார். ஒரே நாளில் வெளியான நான்கு நாளிதழ்களை வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஒவ்வொரு செய்திக்கும் எத்தனை சென்டிமீட்டர் இடம் தந்திருக்கிறார்கள் என்று அளவுகோல் வைத்து அளந்து அட்டவணை போடுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. வீட்டில் தரையில் பேப்பரை விரித்து, மகனுடைய ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தேன். அளந்து முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே நாள், ஒரே மாநிலம். ஓர் இதழில் அரைப் பக்கம் பிடித்த செய்தி இன்னொன்றில் ஏழாம் பக்க மூலையில் இருந்தது. மற்றொன்றில் அது இல்லவே இல்லை. நான்கில் எதுவும் பொய் எழுதவில்லை. ஆனால் நான்கும் நான்கு வேறு ஊரைக் காட்டின.

இதை ஆராய்ச்சியாகச் செய்தவர்கள் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள். 1968-ல் அங்கே குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தபோது, வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களைச் சந்தித்தார்கள். நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டு வரிசைப்படுத்தினார்கள். அதே நாட்களில் அந்த ஊருக்கு வந்த நாளிதழ்களும் வார இதழ்களும் தொலைக்காட்சிச் செய்திகளும் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் தந்தன என்றும் அளந்தார்கள். இரண்டு வரிசையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. 1972-ல் வெளியான அந்தக் கட்டுரைதான் 'நிகழ்ச்சி நிரல் அமைத்தல்' என்ற கோட்பாட்டுக்குத் தொடக்கம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதை ஊடகம் நமக்குத் தீர்மானித்துவிடுகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. எதைப் பற்றிக் கவலைப்படுவது என்பதில்தான் அதன் கை இருக்கிறது என்றார்கள்.

சரி, ஊடகத்தின் நிகழ்ச்சி நிரலை யார் அமைக்கிறார்கள்? இந்தக் கேள்வியில்தான் பாதிப் படிப்பும் கழிந்தது. ஒரு பக்கம் அரசு, இன்னொரு பக்கம் பணம்.

அரசுக்கு ஓர் எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் வந்துகொண்டிருந்தது. 1950 மார்ச்சில், பொது ஒழுங்கைக் காரணம் காட்டி, அது சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று அன்றைய அரசு தடை விதித்தது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். அதே காலத்தில் டெல்லியில், அதற்கு நேர் எதிரான அரசியல் கொண்ட 'ஆர்கனைசர்' இதழுக்கு, அச்சிடும் முன்பே அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார்கள். 1950 மே 26 அன்று, இரண்டு வழக்குகளிலும் ஒரே நாளில் தீர்ப்பு வந்தது. இரண்டு ஆணைகளும் செல்லாது என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளின் பட்டியலில் 'பொது ஒழுங்கு' சேர்ந்தது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் உடன் சேர்ந்தது.

உறுப்பு 19-ஐ எத்தனை முறை நடத்தியிருப்போம்! அதன் இரண்டாம் பிரிவில் இருக்கும் ஒரு சொல்லுக்குப் பின்னால் நம் சென்னை மாநிலம் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எதிரெதிர்த் திசையில் நின்ற இரண்டு இதழ்களுக்கும் ஒரே நாளில் ஒரே உரிமை கிடைத்தது என்றால், அந்த உரிமை எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு வருகிறேன். நாம் கொடுக்கும் விலையில் நாளிதழ் அச்சாகும் செலவு முழுதாக ஈடாவதில்லை. மீதியை விளம்பரம் தருகிறது. விளம்பரம் தருபவர்களில் அரசும் உண்டு, வணிகர்களும் உண்டு, தேர்தல் காலத்தில் கட்சிகளும் உண்டு. விளம்பரம் என்று போட்டு விளம்பரம் செய்தால் குற்றமில்லை. செய்தி என்ற உடையில் வரும்போதுதான் சிக்கல். 2009-ல் மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, ஒரே வேட்பாளரைப் புகழ்ந்து, சொல்லுக்குச் சொல் ஒரே கட்டுரை, வெவ்வேறு நாளிதழ்களில் வெவ்வேறு பெயர்களில் வெளிவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுத்தில் கொண்டுவந்தார். இந்தியப் பத்திரிகை மன்றம் குழு அமைத்து விசாரித்து 2010-ல் அறிக்கை தந்தது. 'காசுக்குச் செய்தி' என்ற சொல் பரவலானது அப்போதுதான். இது எப்படி வெளியே தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். இதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது. ஸ்கேலோடு தரையில் உட்கார்ந்து நான் செய்த அதே வேலைதான். அது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாலும் முடியும்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

இரண்டாம் பருவத்தில் இன்னோர் ஆய்வைப் படித்தோம். 1940 அமெரிக்கத் தேர்தலின்போது, ஓஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில், லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். வானொலியும் நாளிதழும் மக்களின் மனத்தை நேராக மாற்றிவிடும் என்று எதிர்பார்த்துத்தான் போனார்கள். ஆனால், பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர், விவரம் தெரிந்தவர் என்று ஊர் மதிக்கும் ஒருவர், இவர்கள் சொன்னதற்குத்தான் அதிக எடை இருந்தது. செய்தி ஊடகத்திலிருந்து அந்த 'விவரம் தெரிந்தவருக்கு' வருகிறது. அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போகிறது. இதை 'இருபடி ஓட்டம்' என்கிறார்கள்.

இதைப் படித்ததும் எங்கள் ஊர் டீக்கடை நினைவுக்கு வந்தது. என் தாத்தாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். காலையில் டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார். நடுநடுவே தன் கருத்தையும் சேர்ப்பார். தாத்தா அதைக் கேட்டுவந்து திண்ணையில் பாட்டியிடம் சொல்வார். பாட்டி அதை வைத்துத்தான் ஓட்டுப் போட்டிருப்பார். நாடு முழுக்கச் செய்தி அப்படித்தான் நடந்து போயிருக்கிறது. அந்த ஆய்வை டீக்கடையோடு இணைத்துக் கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது.

அடுத்த மாதம் ஒரு நாள் மாலை, என் கைப்பேசிக்கு ஒரு செய்தி அட்டை வந்தது. ஒரு தொலைக்காட்சியின் முத்திரை, சிவப்புப் பட்டை, 'சற்றுமுன்' என்ற எழுத்து. அரசு ஊழியர் ஓய்வு வயது மீண்டும் 58 ஆகக் குறைக்கப்படுகிறது என்றிருந்தது. 2021-ல்தான் 60 ஆக உயர்ந்திருந்தது, உங்களுக்கே தெரியும். எனக்குப் படபடவென்று வந்தது. யோசிக்காமல் எங்கள் பள்ளி ஆசிரியர் குழுவில் போட்டுவிட்டேன். இரவு ஒன்பது மணிக்கு அது போலி என்று தெரிந்தது. அழித்துவிட்டு, 'மன்னிக்கவும், தவறான தகவல்' என்று எழுதினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். பெரிய டீச்சர் என்போம். அவருக்கு 58 முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு சீட்டுப் போட்டிருந்தார். கடைசியில் எடுத்தால் முழுத் தொகையும் வரும் என்று காத்திருந்தார். அன்று மாலை ஆறரைக்குச் சீட்டு ஏலம். என் செய்தியைப் பார்த்தவர், சம்பளம் நிற்கப் போகிறது என்று பயந்து, முப்பதாயிரத்துக்கு மேல் தள்ளி அன்றைக்கே சீட்டை எடுத்துவிட்டார்.

மறுநாள் அவரிடம் போய் நின்றேன். திட்டியிருந்தால் தேவலாம். "உங்க மேல தப்பில்ல டீச்சர். வேற யாராச்சும் போட்டிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்க அதைத்தானே படிக்கிறீங்கன்னு நம்பிட்டேன்" என்றார்.

நண்பர்களே, இருபடி ஓட்டத்தில் அந்த 'விவரம் தெரிந்தவர்' நான்தான். டீக்கடையில் பேப்பர் படித்தவரைப் பற்றிக் கட்டுரை எழுதினேனே தவிர, அந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது நான் என்று எனக்கு உறைக்கவில்லை. கிராமத்துப் பள்ளிகளில் வேலை செய்யும் நம் எல்லோருக்கும் இது பொருந்தும். 'டீச்சரே சொல்லிட்டாங்க' என்ற சொல்லுக்கு ஊரில் இன்னும் மதிப்பிருக்கிறது. நாம் ஒன்றைப் பகிர்ந்தால் அது வெறும் பகிர்வு அல்ல, சான்றொப்பம் போட்டது மாதிரி.

அதற்குப் பிறகுதான் வகுப்பறையில் இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை எடுத்துக்கொண்டேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய நாளிதழ்கள், கத்தரிக்கோல், ஸ்கேல். வேறு செலவில்லை. செய்தி எதுவானாலும் மூன்று கேள்விகள். இதைச் சொல்வது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு இதழ் இதை எப்படிச் சொல்கிறது?

இரண்டாவது மாதம் ஒரு பெற்றோர் வந்தார். "டீச்சர், பிள்ளைங்ககிட்ட கட்சி பேசுறீங்களாமே?" என்றார். அவர் கேட்டது நியாயம். நமக்கு நடத்தை விதிகள் உண்டு. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் உட்காருபவர்களும் நாம்தான். எந்தப் பக்கமும் சாய்ந்தவர் என்ற பெயர் நமக்கு வரவே கூடாது. அவரை வகுப்பில் உட்கார வைத்தேன். பாடவேளை முடிந்ததும், "என்னோட பேப்பரையும் இப்படி அளந்து பாக்கணும்போல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் அன்றிலிருந்து சில வரம்புகளை வைத்துக்கொண்டேன். தேர்தல் அறிவித்துவிட்டால் நடப்பு அரசியல் செய்திகளைத் தொடுவதில்லை. பழைய இதழ்களை மட்டும் எடுப்போம். எப்போதும் இரண்டு இதழ்களுக்குக் குறையாமல் வைப்பேன். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. வீட்டில் எந்தப் பேப்பர் வாங்குகிறார்கள், எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று கேட்பதும் இல்லை. கேட்டால் அது அப்பாவின் கட்சியைக் கேட்பதாகிவிடும்.

ஒருமுறை, ஊரின் முக்கியமான பத்துப் பிரச்சினைகளைப் பட்டியல் போடச் சொன்னேன். காலைப் பேருந்து நேரத்துக்கு வராதது முதலிடம். பிறகு ஒரு மாத நாளிதழ்களில் அந்தப் பத்தையும் தேடினார்கள். இரண்டுதான் கிடைத்தன. பேருந்து கிடைக்கவில்லை. ஒரு மாணவி, "டீச்சர், நம்ம ஊரு பேப்பர்லயே இல்லையே. அப்போ நம்ம பஸ்ஸு யாருக்கும் பிரச்சினையே இல்லையா?" என்று கேட்டாள். சேப்பல் ஹில் ஆய்வை அவள் படித்ததில்லை. ஆனால் அதன் மறுபக்கத்துக்கு அவளே வந்து சேர்ந்துவிட்டாள். அன்றைக்கே வகுப்பு முழுவதும் சேர்ந்து மூன்று நாளிதழ்களின் ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒன்று, நான்கு வரியில் வெளியானது. அதை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பேருந்து இன்னும் தாமதமாகத்தான் வருகிறது. அதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் பேசினோம். செய்தியானால் மட்டும் போதாது, தொடர்ந்து கேட்க வேண்டும் என்பதும் பாடம்தானே.

தூண் எதைத் தாங்குகிறது என்று கேட்ட பையன் இப்போது பதினோராம் வகுப்பு. போன மாதம் அவனைக் கூப்பிட்டு, தாமதமாகத்தான், விடை சொன்னேன். "நீ கேட்ட கேள்விக்கு அன்னைக்கு எனக்கு விடை தெரியலப்பா. நம்ம பிரச்சினையை ஆளறவங்க காதுக்கும், அவங்க செய்யறதை நம்ம காதுக்கும் கொண்டுவர்ற வழியைத்தான் அது தாங்குது. அது சாயாம இருக்கான்னு பாக்கற வேலை நம்மளது" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நாம அளந்துகிட்டே இருக்கணும் டீச்சர்" என்றான்.

இந்தப் படிப்புக்கு எனக்கு ஊக்க ஊதியம் வரவில்லை. பெரிய டீச்சருக்குப் போன பணமும் திரும்ப வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் அந்த மேடையில் இதை நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்களிடமும் சொல்லிவிட்டேன். நாளை காலை பள்ளிக்குப் போகும்போது, வழியில் இரண்டு வேறு நாளிதழ்களை வாங்கிக்கொள்ளுங்கள். அளவுகோல் பிள்ளைகளிடம் இருக்கும்.